ஆண்டிவைரஸ் கத்துது, ஆனா டூல் நல்ல டூல்தான்: அப்போ யாரை நம்புறது?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசின நடை மாறாம, திரும்பத் திரும்பச் சொன்னதை மட்டும் வெட்டியிருக்கோம்.)

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கிட்டே பேசப்போற எபிசோட். நான் பண்ண ஒரு தப்பு இதுல இருக்கு. அந்தத் தப்பை நீங்களும் பண்ணியிருக்க வாய்ப்பு இருக்கு, அதுவும் "நமக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே"ங்கிற தைரியத்துல.

கதை கோயம்புத்தூர்ல ஆரம்பிக்குது. எங்க சித்தப்பா கணபதி பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் வச்சிருக்கார். பம்ப் செட்டுக்கு உதிரிபாகம் பண்றாங்க. கம்பெனிக்குன்னு சொந்த டொமைன்ல ஒரு மெயில் ஐடி. ஆர்டர், இன்வாய்ஸ், ஜிஎஸ்டி சம்பந்தப்பட்டது எல்லாமே அதுலதான் வரும். அந்த மெயில் ஆபீஸ்ல இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டர்ல, அவுட்லுக் 2010-ல ஓடிக்கிட்டு இருந்தது. பாஸ்வேர்ட் என்னன்னு யாருக்கும் தெரியாது. அதை செட் பண்ண அக்கவுண்டன்ட் அண்ணா வேலைய விட்டு மூணு வருஷம் ஆச்சு, அவருக்கும் ஞாபகம் இல்ல. டொமைன் வாங்கிக் கொடுத்தவர் போனை எடுக்கறதே இல்ல. இந்த நிலைமைல சித்தப்பா புது கம்ப்யூட்டர் வாங்கிட்டார். "கண்ணு, நீ வந்து மெயிலை மட்டும் இதுல மாத்திக் குடுத்துரு"ன்னு கூப்பிட்டார்.

எனக்கு இது பெரிய விஷயமாவே தெரியல. நிர்சாஃப்ட்னு ஒரு தளம் இருக்கு, நிர் சோஃபர்ங்கிற ஒரு டெவலப்பர் வருஷக்கணக்கா தனி ஆளா சின்னச் சின்ன விண்டோஸ் டூல் எழுதி இலவசமா கொடுக்கிற இடம். அதுல மெயில் பாஸ்வியூன்னு ஒண்ணு. மெயில் சாஃப்ட்வேர் சேமிச்சு வச்சிருக்கிற பாஸ்வேர்டை எடுத்து ஸ்க்ரீன்ல காட்டும். அவ்வளவுதான் அதோட வேலை.

டவுன்லோட் பண்ணேன், ஜிப்பைப் பிரிச்சேன். ஃபைல் அங்க இருக்கு... இல்ல. கண்ணு முன்னாடியே காணாமப் போச்சு. ஓரத்துல சிவப்புல ஒரு பெட்டி: "அபாயம் கண்டுபிடிக்கப்பட்டது, நீக்கப்பட்டது." பின்னாடி நின்னுட்டிருந்த சித்தப்பா பயந்துட்டார். "வைரஸ்னு சொல்லுது கண்ணு, வேண்டாம் விட்டுரு." நான் சிரிச்சுக்கிட்டே சொன்னேன், "அது ஃபால்ஸ் அலாரம் சித்தப்பா. நல்ல டூலைப் பாத்தும் கத்தும், நான் பாத்துக்கறேன்."

அந்த ஒரு வாக்கியம் பாதி சரி, பாதி தப்பு. எந்தப் பாதி தப்புங்கிறதுதான் இன்னைக்கு எபிசோட்.

உங்க பாஸ்வேர்ட் எங்க தூங்குது?

முதல்ல இந்த மாதிரி டூல் என்ன பண்ணுதுன்னு பாப்போம். நிறைய பேர் நினைக்கிறது, இது ஏதோ சினிமால வர்ற மாதிரி லட்சக்கணக்கான பாஸ்வேர்டை முயற்சி பண்ணி உடைக்குதுன்னு. இல்ல. எதையும் உடைக்கல.

நீங்க ஒரு தடவை "பாஸ்வேர்டை ஞாபகம் வச்சுக்கோ"ன்னு டிக் பண்ணா, அந்த சாஃப்ட்வேர் அதை எங்கயோ எழுதி வைக்கணும். அடுத்த தடவை உங்களைக் கேக்காம சர்வருக்கு அனுப்பணும் இல்லையா? பழைய அவுட்லுக் அதை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரில எழுதி வைக்குது. குரோம் ஒரு சின்ன டேட்டாபேஸ் ஃபைல்ல வைக்குது. எழுதறதுக்கு முன்னாடி பூட்டி வைக்கும். அந்தப் பூட்டை விண்டோஸே கொடுக்குது. டிபிஏபிஐன்னு பேரு, விண்டோஸ் 2000 காலத்துல இருந்தே இருக்கு. அந்தப் பூட்டோட சாவி கடைசியில உங்க விண்டோஸ் லாகின்ல இருந்து வருது.

இங்கதான் கவனிக்கணும். யாராவது "இதைத் திறந்து கொடு"ன்னு கேட்டா விண்டோஸ் ஒரே ஒரு கேள்விதான் கேக்கும்: நீ எந்த யூசர்? லாகின் பண்ணியிருக்கிற அதே யூசர்னா திறந்து கொடுத்துரும். "நீ எந்த ப்ரோக்ராம்?"னு அது கேக்காது. அவுட்லுக் கேட்டாலும் கொடுக்கும், மெயில் பாஸ்வியூ கேட்டாலும் கொடுக்கும். நான் உக்காந்து நாலு வரி கோட் எழுதிக் கேட்டாலும் கொடுக்கும். ஏன்னா அந்த ப்ரோக்ராம் எல்லாமே உங்க பேர்லதான் ஓடுது.

இப்போ இதைத் திருப்பிப் போடுங்க. உங்க கம்ப்யூட்டர்ல ஒரு திருட்டு ப்ரோக்ராம் ஓடுதுன்னு வைங்க. அதுவும் உங்க பேர்லதான் ஓடுது. அதே கதவு, அதே கேள்வி, அதே பதில். திருடன் எடுக்கிற வழிக்கும் நான் எடுத்த வழிக்கும் விண்டோஸ் பார்வைல வித்தியாசமே இல்ல. எடுத்த பாஸ்வேர்டை ஸ்க்ரீன்ல காட்டுதா, இல்ல நெட் வழியா எங்கயோ அனுப்புதாங்கிறதுதான் வித்தியாசம்.

ஆண்டிவைரஸ் எதைப் பாத்துக் கத்துது?

ஆண்டிவைரஸ் ஒரு ஃபைலை மூணு விதமா எடை போடும்னு சுருக்கமா வச்சுக்கலாம்.

முதல் விதம், அடையாளம். ஏற்கனவே தெரிஞ்ச கெட்ட ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு பட்டியல் இருக்கும், அதோட ஒத்துப் பாக்கும். இது நல்லது கெட்டதைப் புரிஞ்சுக்கிற வேலையே இல்ல. இதுக்கு ஒரு அழகான உதாரணம் ஐகார் டெஸ்ட் ஃபைல். மொத்தம் 68 எழுத்து. ஓட்டினா ஒரு வரியை ஸ்க்ரீன்ல காட்டிட்டு முடிஞ்சுரும், எந்தக் கெடுதலும் கிடையாது. ஆனா ஆண்டிவைரஸ் எல்லாமே அதைப் பாத்தா கத்தும். ஏன்னா "இதைப் பாத்தா கத்தணும்"னு ஒரு உடன்பாடு. ஆண்டிவைரஸ் வேலை செய்யுதான்னு சோதிச்சுப் பாக்கவே செஞ்ச ஃபைல் அது.

ரெண்டாவது, நடத்தை. ஃபைல் என்ன பண்ண முயற்சி பண்ணுது? ரெஜிஸ்ட்ரில பாஸ்வேர்ட் இருக்கிற இடத்தைத் தொடுதா, குரோம் டேட்டாபேஸைத் திறக்குதா, டிபிஏபிஐய கூப்பிடுதா? இப்போ இதுல மெஷின் லேர்னிங்கும் சேந்திருக்கு. "இதுவரைக்கும் பாத்த கெட்ட ஃபைல் மாதிரியே இருக்கே"ன்னு ஒரு மதிப்பெண் போடும்.

மூணாவது, பேர் புகழ். இந்த ஃபைலை எத்தனை பேர் வச்சிருக்காங்க, டிஜிட்டல் கையெழுத்து இருக்கா, நேத்துதான் பிறந்த ஃபைலா? பெரிய கம்பெனி ஃபைலுக்கு இதுல பிரச்சினையே வராது. தனி ஆளா எழுதறவங்கதான் மாட்டுவாங்க.

காலேஜ்ல பைத்தான்ல ஒரு சின்ன ப்ராஜெக்ட் எழுதி, பைஇன்ஸ்டாலர் வச்சு ஈஎக்ஸ்ஈ ஃபைலா மாத்தி, ஃப்ரெண்டுக்கு அனுப்பினவங்க கை தூக்குங்க. அவன் திரும்பி மெசேஜ் போட்டிருப்பான், "டேய் வைரஸ் அனுப்புறியா?" எனக்கும் நடந்தது. மார்க் கூட்டிக் காட்டுற ப்ரோக்ராம் அது. பைஇன்ஸ்டாலர்ல மால்வேர் எழுதறவங்களும் நிறைய இருக்கறதால, அந்தப் பொட்டலத்தோட வெளித்தோற்றத்தைப் பாத்தே சில ஆண்டிவைரஸ் சந்தேகப்படும். உள்ள என் மார்க் லிஸ்ட்தான் இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்?

ரெண்டு வகை "தப்பான" அலாரம்

இப்போ ஒரு முக்கியமான பிரிவினை. நாம எல்லாத்தையும் ஃபால்ஸ் அலாரம்னு ஒரே பேர்ல சொல்றோம். அதுக்குள்ள ரெண்டு வகை இருக்கு.

முதல் வகை, நிஜமாவே தப்பு. 2010 ஏப்ரல் 21-ம் தேதி மெக்காஃபி ஒரு அப்டேட் விட்டாங்க. விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3-ல இருக்கிற எஸ்விசிஹோஸ்ட்ங்கிற ஃபைலை அந்த அப்டேட் வைரஸ்னு நினைச்சுப் பிடிச்சிருச்சு. அது விண்டோஸோட உயிர்நாடி மாதிரியான ஃபைல். அதைத் தூக்கினதும் உலகம் முழுக்க ஏகப்பட்ட ஆபீஸ் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிக்கிட்டே இருந்தது, நெட் கனெக்‌ஷன் போச்சு. இதுல வாதமே இல்ல, தப்பு தப்புதான். கம்பெனியும் உடனே அப்டேட்டைத் திரும்ப வாங்கிட்டாங்க.

என் மார்க் லிஸ்ட் ப்ரோக்ராமும் இந்த வகைதான். "நீ கெட்டவன்"னு சொன்னாங்க, நான் கெட்டவன் இல்ல.

ரெண்டாவது வகைதான் மெயில் பாஸ்வியூ. இங்க ஆண்டிவைரஸ் சொல்றது என்ன? "இது சேமிச்ச பாஸ்வேர்டை வெளிய எடுக்கிற டூல்." அது உண்மைதானே? பொய் எதுவும் சொல்லலையே! அதுக்குத் தெரியாதது ஒண்ணே ஒண்ணுதான்: அதை ஓட்டறது சித்தப்பாவோட சம்மதத்தோட உக்காந்திருக்கிற நானா, இல்ல ராத்திரி ரெண்டு மணிக்கு எங்கிருந்தோ உள்ள வந்த ஒருத்தனா?

நம்ம ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டூப்ளிகேட் சாவி போடறவர் உக்காந்திருப்பார், பாத்திருப்பீங்க. அவரோட பையில இருக்கிற கம்பி, அரம் எல்லாம் ஒரு பூட்டுத் திருடன் பையிலயும் இருக்கும். பகல்ல கடையில பாத்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அதே பை நடுராத்திரி பூட்டின வீட்டு வாசல்ல இருந்தா? பீட் போலீஸ் நிறுத்தி விசாரிச்சா அவரை முட்டாள்னு சொல்ல முடியுமா? அவர் விசாரிச்சே ஆகணும்.

ஆண்டிவைரஸ் அந்த பீட் போலீஸ். கேக்க வேண்டியதைத்தான் கேக்குது. "நான்தான் சாவிக்காரரைக் கூப்பிட்டேன்"னு பதில் சொல்ல வேண்டியது நாம.

சந்தேகத்துக்குக் காரணம் இருக்கு

சும்மா சந்தேகம் இல்ல, இதுக்கு வரலாறே இருக்கு. எமோடெட்னு ஒரு மால்வேர், பல வருஷமா பேங்க், அரசு அலுவலகம்னு எல்லா இடத்துலயும் ஆட்டம் போட்டது. அதைப் பத்தி 2018 ஜூலைல அமெரிக்க அரசோட கணினிப் பாதுகாப்புக் குழு ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. எமோடெட் எப்படிப் பரவுதுன்னு அதுல பட்டியல் போட்டிருந்தாங்க. அந்தப் பட்டியல்ல நிர்சாஃப்ட்டோட நெட்வொர்க் பாஸ்வேர்ட் டூல் இருந்தது. ப்ரௌசர் பாஸ்வேர்ட் டூல் இருந்தது. நான் டவுன்லோட் பண்ணேனே, அதே மெயில் பாஸ்வியூவும் இருந்தது. மால்வேர் எழுதினவங்க இதுக்காகத் தனியா மெனக்கெடல. நல்லா வேலை செய்யற ஒரு இலவச டூல் இருக்கு, அதையே எடுத்துத் தங்களோட பொட்டலத்துக்குள்ள வச்சுக்கிட்டாங்க.

இதுல நிர் சோஃபரோட நிலைமைய யோசிச்சுப் பாருங்க. அவர் எந்தத் தப்பும் பண்ணல. ஆனா அவரோட டூலைத் தேடி வர்றவங்களுக்கு சிவப்புப் பெட்டி, சில நேரம் அவரோட தளத்துக்கே எச்சரிக்கை. 2009-லயே அவர் தன் வலைப்பதிவுல இதைப் பத்தி ரொம்ப நொந்து எழுதியிருக்கார். ஆண்டிவைரஸ் கம்பெனிகளால சின்ன டெவலப்பர்களுக்குப் பெரிய தலைவலின்னு. ஒரு கம்பெனிகிட்ட சொல்லி சரி பண்ணா, அடுத்த வெர்ஷன்ல இன்னொரு கம்பெனி பிடிக்கும். திரும்ப முதல்ல இருந்து.

அவரும் தன் பங்குக்கு சில மாற்றம் பண்ணார். ஸ்க்ரீன்ல எதுவும் காட்டாம, பின்னாடி கமாண்ட் மூலமா பாஸ்வேர்டை ஃபைல்ல எழுதற வசதி சில டூல்ல இருந்தது. திருடனுக்குத்தான் அது ரொம்ப உதவும்ங்கிறதால, பொதுவா டவுன்லோட் ஆகிற வெர்ஷன்ல இருந்து அதை எடுத்துட்டார். இன்னொரு பக்கம், டவுன்லோட் ஆகறப்பவே ப்ரௌசர் தடுத்துர்றதால, சில டூலை பாஸ்வேர்ட் போட்ட ஜிப்பா கொடுக்கறார். ஜிப்போட பாஸ்வேர்டும் அதே பக்கத்துல இருக்கும்.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. பாஸ்வேர்ட் போட்ட ஜிப், "ஆண்டிவைரஸ் கத்தும், பயப்படாதீங்க"ங்கிற குறிப்பு... இதை வேற எங்க பாத்திருக்கீங்க? கிராக் சாஃப்ட்வேர் கொடுக்கிற எல்லா இடத்துலயும். நேர்மையான டெவலப்பரும் திருடனும் ஒரே சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறாங்க. ஒருத்தருக்கு வேற வழியில்லாம, இன்னொருத்தனுக்கு அதுதான் வேஷம்.

நான் பண்ண தப்பு

சரி, சித்தப்பா ஆபீஸுக்குத் திரும்பி வருவோம். ஃபைல் ரெண்டு தடவை காணாமப் போச்சு. எனக்கு எரிச்சல், சாயங்காலம் ட்ரெயினுக்கு வேற நேரம் ஆச்சு. ஆண்டிவைரஸ் செட்டிங்ஸுக்குப் போய், டவுன்லோட்ஸ் ஃபோல்டர் மொத்தத்தையும் விலக்குப் பட்டியல்ல சேத்தேன். அதாவது, "இந்த ஃபோல்டர்ல என்ன இருந்தாலும் பாக்காதே." மூணாவது தடவை டவுன்லோட் பண்ணேன். ஓடுச்சு. பாஸ்வேர்ட் வந்துருச்சு. கம்பெனி பேரு, அட், ஒன் டூ த்ரீ! இதுக்கா இவ்வளவு நேரம்னு எல்லாரும் சிரிச்சோம். புது கம்ப்யூட்டர்ல மெயில் ஏறிருச்சு, சித்தி கொடுத்த டீயைக் குடிச்சிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிட்டேன்.

விலக்கை எடுக்கல. மறந்துட்டேன்.

அந்தப் பழைய கம்ப்யூட்டர் தம்பிக்குப் போச்சு, சித்தப்பா பையனுக்கு. காலேஜ் ரெண்டாவது வருஷம். அவன் ஒரு வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேரோட கிராக்கை எங்கிருந்தோ இறக்கியிருக்கான். ஜிப்புக்குப் பாஸ்வேர்ட். உள்ள ஒரு டெக்ஸ்ட் ஃபைல்: "ஆண்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு ஓட்டவும், ஃபால்ஸ் அலாரம் வரும்." அவன் ஆஃப் பண்ணவே இல்ல. பண்ண வேண்டிய அவசியமே வரல. அவன் எங்க டவுன்லோட் பண்ணுவான்? டவுன்லோட்ஸ் ஃபோல்டர்லதான்.

ஒரு வாரம் கழிச்சு அவனோட இன்ஸ்டா அக்கவுண்ட் தானா கிரிப்டோ விளம்பரம் போட ஆரம்பிச்சது. அப்பவும் நான் ரெண்டையும் சேத்துப் பாக்கல, "டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுறா"ன்னு அட்வைஸ் பண்ணேன். அதுக்கு அடுத்த வாரம் சித்தப்பாவுக்கு திருப்பூர்ல இருந்து ஒரு பழைய கஸ்டமர் போன். "ஏனுங்க, பேங்க் அக்கவுண்டை மாத்திட்டீங்களா? மெயில் வந்துச்சு. வேற ஊர் ஐஎஃப்எஸ்சி கோடா இருக்கேன்னு கேட்டேன்." ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் பேமெண்ட் அது. இருபது வருஷப் பழக்கம், அதனால ஒரு வார்த்தை போன் பண்ணிக் கேட்டார். கேக்காம போட்டிருந்தா?

மெயில் சித்தப்பாவோட ஐடில இருந்தே போயிருக்கு. அந்தப் பழைய கம்ப்யூட்டர்ல அவுட்லுக் இன்னும் இருந்தது, பாஸ்வேர்டும் உள்ளயேதான் இருந்தது. அதையும் நான் அழிக்கல. நான் எடுத்த அதே பாஸ்வேர்டை, அதே இடத்துல இருந்து, அதே வழியில இன்னொருத்தன் எடுத்துட்டான். நான் ஊருக்குப் போய், விலக்கை எடுத்துட்டு ஸ்கேன் பண்ணப்போ முதல் நிமிஷத்துலயே ஆண்டிவைரஸ் அந்தக் கிராக்கைப் பிடிச்சது. பாஸ்வேர்ட் திருடுற ட்ரோஜன்.

தம்பிகிட்ட கோவமா கேட்டேன், "உனக்கு அறிவு வேண்டாமாடா?" அவன் சொன்ன பதில் இன்னும் காதுல இருக்கு: "ஆண்டிவைரஸ் ஒண்ணுமே சொல்லலையே அண்ணா. அதான் சேஃப்னு நினைச்சேன்."

அவன் போலீஸை நம்பினான். போலீஸை நான்தான் அனுப்பி வச்சிருந்தேன்.

நிறத்தைப் பாக்காதீங்க, பேரைப் படிங்க

சரி, சரியா பண்றது எப்படி? இந்த மாதிரி டூல் சில நேரம் தேவைப்படும், வேண்டாம்னு நான் சொல்லல.

ஒண்ணு: டூல் உண்மையிலேயே தேவையான்னு பாருங்க. குரோம், ஃபயர்ஃபாக்ஸ்ல சேமிச்ச பாஸ்வேர்டை அதோட செட்டிங்ஸ்லயே பாக்கலாம். வைஃபை பாஸ்வேர்டுக்கும் தனி டூல் வேண்டாம், விண்டோஸ் கூடவே வர்ற நெட்எஸ்ஹெச் கமாண்டே காட்டிரும். சித்தப்பா விஷயத்துல, டொமைன் வாங்கினவரை இன்னும் நாலு தடவை துரத்தியிருந்தா மெயில் பாஸ்வேர்டையே மாத்தி வாங்கியிருக்கலாம். சோம்பேறித்தனம்.

ரெண்டு: டூலை எழுதினவங்களோட சொந்தத் தளத்துல இருந்து மட்டும் எடுங்க. "ஃப்ரீ டவுன்லோட்"னு பச்சை பட்டன் வச்சிருக்கிற மூணாம் தளம் எதுவும் வேண்டாம். ஹாஷ் கொடுத்திருந்தா ஒப்பிட்டுப் பாருங்க. ஹாஷ்னா அந்த ஃபைலோட கைரேகை, ஒரு எழுத்து மாறினாலும் மொத்தமா மாறிரும். நிர்சாஃப்ட் பக்கத்துல அது இருக்கு. உங்க ஃபைலோட ஹாஷை விண்டோஸ்ல இருக்கிற செர்ட்யூட்டில் கமாண்ட் சொல்லிரும்.

மூணு: அலாரத்தோட பேரைப் படிங்க. இதுதான் யாரும் பண்றதில்ல. காஸ்பர்ஸ்கி இந்த மாதிரி டூலுக்கு வைக்கிற பேர் "நாட்-எ-வைரஸ்"னே ஆரம்பிக்கும், கூட "பிஎஸ்டபிள்யூ டூல்"னு வரும். திருடனுக்கு "ட்ரோஜன்-பிஎஸ்டபிள்யூ". மைக்ரோசாஃப்ட் பட்டியல்ல டூலுக்கு "ஹேக்டூல்", பாஸ்வேர்ட் திருடனுக்கு "பிடபிள்யூஎஸ்". சில கம்பெனிகள் "ரிஸ்க்வேர்"னோ, "பாதுகாப்பில்லாததா இருக்கலாம்"னோ சொல்வாங்க. பாருங்க, அவங்களே ரெண்டையும் பிரிச்சுத்தான் சொல்றாங்க. நாமதான் சிவப்பைப் பாத்ததும் பயப்படறோம், இல்லன்னா என்னை மாதிரி சிரிக்கறோம்.

ஆனா ஜாக்கிரதை, "ஹேக்டூல்"னு வந்தா நல்ல ஃபைல்னு அர்த்தம் இல்ல. கிராக், கீஜென்னுக்கும் அதே பேர் வரும். நல்ல டூலோட பேர்ல உள்ள வேற எதையாவது வச்சுக் கொடுக்கிறவனும் உண்டு. பேர் ஒரு துப்பு மட்டும்தான். மத்ததோட சேத்துத்தான் முடிவு பண்ணணும்.

நாலு: வைரஸ்டோட்டல்ல பாருங்க. 2004-ல ஸ்பெயின்ல, மலாகா நகரத்துல தொடங்கின சேவை, 2012-ல கூகுள் வாங்கிட்டாங்க. எழுபது ஆண்டிவைரஸ் பக்கம் ஒரே நேரத்துல கருத்துச் சொல்லும். அங்கயும் "எழுபதுல முப்பது சிவப்பு"ன்னு எண்ணிக்கிட்டு இருக்காதீங்க, முப்பது பேரும் என்ன பேர் சொல்றாங்கன்னு படிங்க. எல்லாரும் அந்த டூலோட பேரையே சொல்றாங்களா, இல்ல ஆளுக்கொரு ட்ரோஜன் பேரா? இன்னொண்ணு, அங்க ஏத்தற ஃபைல் மத்த கம்பெனிகளுக்கும் பகிரப்படும். அதனால முதல்ல ஹாஷை மட்டும் தேடுங்க, சொந்த டாக்குமெண்ட் எதையும் ஏத்தாதீங்க.

அஞ்சு, இதுதான் எனக்கு விலை கொடுத்துக் கிடைச்ச பாடம்: ஆண்டிவைரஸை ஆஃப் பண்ணாதீங்க, ஃபோல்டரை விலக்காதீங்க. அந்த ஒரு ஃபைலை மட்டும் அனுமதியுங்க. ஆண்டிவைரஸோட வரலாற்றுப் பக்கத்துல, பிடிபட்ட ஃபைலுக்கு நேரா "அனுமதி"ன்னு இருக்கும். வேலை முடிஞ்சதும் டூலை அழிங்க, அனுமதியத் திரும்ப எடுங்க, எடுத்த பாஸ்வேர்டையும் மாத்துங்க. நாலு செகண்ட்ல உங்களால எடுக்க முடிஞ்சதுன்னா, அது அங்க இருக்க வேண்டிய பாஸ்வேர்டே இல்ல. கம்ப்யூட்டரை இன்னொருத்தருக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி பழைய அக்கவுண்டை எல்லாம் எடுத்துருங்க, முடிஞ்சா மொத்தமா ஃபார்மேட்.

நீங்க டெவலப்பரா இருந்து உங்க ப்ரோக்ராமே மாட்டினா, "ஆண்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு ஓட்டுங்க"ன்னு மட்டும் யூசருக்கு எழுதிக் கொடுக்காதீங்க. மைக்ரோசாஃப்ட்ல இருந்து எல்லாப் பெரிய கம்பெனிகளும், தப்பாப் பிடிச்ச ஃபைலை அனுப்ப ஒரு பக்கம் வச்சிருக்காங்க. அனுப்புங்க, கேளுங்க. அலுப்பான வேலைதான். ஆனா நீங்க எழுதற அந்த ஒரு வரி, அடுத்து ஒரு திருடன் அதே வரியை எழுதறப்போ அவனை நம்ப வைக்குது.

கேள்வி மாறிக்கிட்டு இருக்கு

கடைசியா ஒரு நல்ல சேதி. விண்டோஸ் "எந்த யூசர்"னு மட்டும்தான் கேக்குது, "எந்த ப்ரோக்ராம்"னு கேக்கறதில்லன்னு சொன்னேன் இல்லையா? அது மெதுவா மாறுது. 2024 ஜூலைல வந்த குரோம் 127-ல, விண்டோஸ்ல ஒரு புதுப் பூட்டு போட்டாங்க. குக்கீல இருந்து ஆரம்பிச்சாங்க. அதுல "கேக்கறது குரோம்தானா?"ங்கிற கேள்வியும் உண்டு. திருடங்க சும்மா இருக்க மாட்டாங்க, சுத்தி வர வழி தேடிக்கிட்டேதான் இருக்காங்க. ஆனா கேள்வி சரியான கேள்வி.

அதுவரைக்கும் "யார் கேக்கறாங்க"ங்கிற கேள்விக்கு பதில் தெரிஞ்ச ஒரே ஆள், கீபோர்டுக்கு முன்னாடி உக்காந்திருக்கிற நீங்கதான்.

சித்தப்பா இப்போ பேங்க் விவரம் மாறினா போன்லயும் சொல்வோம்னு எல்லா இன்வாய்ஸ்லயும் அச்சடிச்சிருக்கார். போன வாரம் ஊருக்குப் போனப்போ புது கம்ப்யூட்டர்ல ஏதோ ஒரு எச்சரிக்கை வந்தது. சித்தப்பா என்னைத் திரும்பிப் பாத்தார். "படிச்சுப் பாக்கலாம் சித்தப்பா"ன்னேன். ரெண்டு பேரும் கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் படிச்சோம். பிரிண்டர்ல இங்க் தீந்துபோச்சாம்.

உங்க கம்ப்யூட்டர்ல ஆண்டிவைரஸோட விலக்குப் பட்டியலை இன்னைக்கே ஒரு தடவை திறந்து பாருங்க. என்ன இருந்ததுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.